குமுளி மலை ஏறி இறங்குற வண்டிக்கு டீசல் மிச்சம் பிடிக்க என்னதான் வழி?

கம்பம்_பன்னீர்
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஆறு வண்டி ஓடுது. பதினாலடி வண்டி நாலு, பிக்கப் ரெண்டு. கம்பம், சின்னமனூர் பக்கம் வாழைக்காய், காய்கறி, சீசன்ல பன்னீர் திராட்சை ஏத்தி, குமுளி வழியா காஞ்சிரப்பள்ளி, கோட்டயம் மார்க்கெட்டுக்குப் போகுது. சாயங்காலம் லோடு ஏத்தினா நடுராத்திரி தாண்டி அங்க நிக்கணும். போக வர 260 கிலோமீட்டர்.

போன வாரம் நோட்டை எடுத்து வச்சு உட்கார்ந்தேன். வர்ற வாடகையில பாதிக்கு மேல டீசலே தின்னுட்டுப் போகுது. பெரிய வண்டி நாலும் லிட்டருக்கு சராசரி 6.1 கிலோமீட்டர்தான் தருது. அதே மாடலை என் மச்சான் மதுரை ரோட்டுல ஓட்டுறான், 8க்கு மேல வருதுங்கிறான்.

இதுவரைக்கும் நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். டீசல் பைப்புல மாட்டுற காந்தம் ஒண்ணு வாங்கினேன். டேங்க்ல ஊத்துற பாட்டில் மருந்து ஆறு மாசம் ஊத்தினேன். ரெண்டுலயும் காசு கரைஞ்சதுதான் மிச்சம். இப்ப ஒருத்தர், டேங்க்ல டீசல் எவ்வளவு இறங்குதுன்னு காட்டுற சென்சார் மாட்டச் சொல்லி நச்சரிக்கிறார். போதாக்குறைக்கு, கோட்டயத்துல நம்மகிட்ட சரக்கு எடுக்கிற பெரிய கடைக்காரங்க ஒரு படிவம் அனுப்பியிருக்காங்க: ஒரு லோடுக்கு உங்க வண்டி எத்தனை கிலோ கார்பன் விடுதுன்னு எழுதித் தரணுமாம்! எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

வாளையார்_பத்துசக்கரம்
அண்ணா, சென்சார் அப்புறம் பார்க்கலாங்க. அந்த 6.1 எப்படி வந்துச்சு? மாசம் ஓடின கிலோமீட்டரை மாசம் போட்ட டீசலால வகுத்ததா? அப்படின்னா அதை நம்பாதீங்க. டேங்க் ஃபுல் பண்ணி, மீட்டர் குறிச்சு, அடுத்த தடவை அதே பங்க்குல, வண்டி அதே சமதளத்துல நிக்கறப்ப மறுபடி ஃபுல் பண்ணி, எத்தனை லிட்டர் பிடிச்சுதுன்னு எழுதோணும். வண்டிக்கு ஒரு நோட்டு. பத்து நடை எழுதினாத்தான் ஒரு நெம்பர் நிக்கும். ஐநூறுக்கு போடு, ஆயிரத்துக்கு போடுன்னு போட்டுட்டு இருந்தா எந்தக் கணக்கும் வராதுங்க.

எங்க கோயமுத்தூர்–பாலக்காடு ரோட்டுல இன்னொண்ணும் இருக்குது. ஆனி, ஆடியில கணவாய்க்குள்ள மேக்கால காத்து அடிக்கிற அடிக்கு, கேரளா போறப்ப ஒரு மைலேஜ், திரும்பி வர்றப்ப ஒரு மைலேஜ். போற பக்கத்தை மட்டும் பார்த்துட்டு டிரைவரைத் திட்டின ஆளு நான்.

கூடலூர்_ஸ்டியரிங்
சென்சார்னு பார்த்ததும் உள்ள வந்துட்டேன். 25 வருஷமா குமுளி அடிவாரத்து லோயர்கேம்ப் ஏத்தத்துல ஓட்டுறவன் நான். மைலேஜ் குறைஞ்சா ஓனர்மாருக்கு முதல்ல ஞாபகம் வர்றது டிரைவர் கைதான். டேங்க்ல டியூப் விட்டு டீசல் திருடுறவன் இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன், இருக்கான். ஆனா கம்பம்காரரே, உங்க மச்சான் வண்டியையும் உங்க வண்டியையும் ஒப்பிடலாமா? அவர் போற ரோட்டுல மலை எங்க இருக்கு?

இன்னொண்ணு கேளுங்க. மார்க்கெட்ல ஒன்றரை மணிக்கு நிக்குறோம். இறக்குற ஆளு நாலு மணிக்குத்தான் வர்றான். மழை, குளிரு, கொசு. செல்லுல சார்ஜ் இல்ல. எஞ்சினை ஓட விட்டுட்டுத்தான் படுப்போம், பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. நின்ன இடத்துல மணிக்கு ஒரு லிட்டராவது போகும். அது யார் கணக்கு? சீக்கிரம் இறக்கச் சொல்லி வியாபாரிகிட்ட பேச வேண்டியது ஓனர் வேலை.

கணக்கு_வாத்தியார்
பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன். அப்பா லாரி டிரைவர், அதனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. ஸ்டியரிங் அண்ணன் சொன்ன மலையைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம்.

லோடோடு வண்டி 9 டன் என்று வைத்துக்கொள்வோம். லோயர்கேம்ப்பில் இருந்து குமுளி ஏறத்தாழ 450 மீட்டர் உயரம். 9,000 கிலோவை அவ்வளவு தூரம் தூக்க 40 மெகாஜூல் வேண்டும். டீசலில் லிட்டருக்கு 36 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும், மற்றது சூடாகப் போய்விடும். ஆக அந்த ஏழெட்டு கிலோமீட்டரில் உயரத்துக்கு மட்டும் 3.3 லிட்டர். உருளுவதற்கு ஆவது தனி.

இப்போது திரும்பி வருவதைப் பாருங்கள். கோட்டயத்தில் இருந்து வரும் வழியில் முண்டக்கயம் கிட்டத்தட்ட சமவெளி, அடுத்து வரும் குட்டிக்கானம் ஆயிரம் மீட்டருக்கு மேல். காலி வண்டி 4.5 டன் என்றாலும் ஆயிரம் மீட்டர் ஏறணுமே! 44 மெகாஜூல், அதாவது 3.7 லிட்டர்.

லோடோடு குமுளி ஏறுவதைவிடக் காலியாகக் குட்டிக்கானம் ஏறுவதற்குத்தான் நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள்.

கம்பம்_பன்னீர்
சார், இதை மூணு தடவை படிச்சேன். காலி வண்டிதானே, என்ன பெருசா குடிச்சிடப் போகுதுன்னு இத்தனை வருஷம் இருந்துட்டேன்.

அப்படியே இன்னொரு சந்தேகம். நம்ம பசங்க ரெண்டு பேரு திரும்பி வரும்போது குமுளி இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடுறாங்க. டீசல் மிச்சம்ணேங்கிறாங்க. எனக்கு வயித்தைக் கலக்குது. ஆனா மிச்சம்னு சொல்லும்போது வாய் திறக்கவும் முடியல.

தேனி_பிக்கப்
நியூட்ரல்ல மிச்சம் ஆகத்தான் செய்யும் அண்ணே. ஆர்பிஎம் முள்ளு அடியில கிடக்குதே, கண்ணால பார்க்கறோம்ல. கியர்ல வந்தா முள்ளு ரெண்டாயிரத்துல நிக்குது. ஆர்பிஎம் கூடினா டீசல் கூடும், இதுக்கு எதுக்கு வாத்தியார்?

உத்தமபாளையம்_பட்டறை
தம்பி, முள்ளைப் பார்த்து ஏமாறாதீங்க. கியர்ல இருக்கும்போது, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா, எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் மூடிக்கும். ஒரு சொட்டு டீசல் போகாது. எஞ்சினைச் சுத்துறது சக்கரம், சக்கரத்தைச் சுத்துறது இறக்கம். நியூட்ரல் போட்டீங்கன்னா எஞ்சின் நின்னுடாம இருக்க அதுவே டீசலைக் குடிச்சுதான் ஓடியாகணும். பழைய பம்ப் வண்டியிலயும் டீசல் அளவைக் கட்டுப்படுத்துற கவர்னர் இதே வேலையைத்தான் பார்த்துச்சு. லேசான சரிவுல, பிரேக்கே தொடாம ரொம்ப தூரம் உருளலாம்ங்கிற இடத்துல வேணா நியூட்ரலுக்கு ஒரு நியாயம் சொல்லலாம். கொண்டை ஊசி வளைவுல ஏது அந்த நியாயம்? அங்க முழுசும் பிரேக்தான். டிரம் காய்ஞ்சு, லைனிங் பளபளன்னு ஆகி, மிதிச்சா நிக்காது. குட்டிக்கானம் இறக்கத்துல லோடோட எவனாவது இதைப் பண்ணினா சாவியைப் பிடுங்குங்க. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். புகைக்குழாயை அடைச்சு எஞ்சினாலயே வண்டியைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தா அதைப் போடச் சொல்லுங்க, அது சும்மா ஒட்டி வச்ச பொம்மை இல்ல.

இப்ப என் பங்குக்கு. மைலேஜ் குறையுதுன்னு பட்டறைக்கு வர்ற பத்து வண்டியில நான் முதல்ல பார்க்கிறது எஞ்சின் இல்ல. சமதளத்துல ரெண்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாம ஓட்டி, தானா நிக்க விட்டு, இறங்கி ஒவ்வொரு வீல் டிரம்முக்கும் பக்கத்துல புறங்கையைக் கொண்டு போவேன். தொடமாட்டேன். மூணு வீல் ஆறிக் கிடக்கும், ஒண்ணு மட்டும் அனல் அடிக்கும். அந்த வீல் பிரேக் விடாம உரசிக்கிட்டே ஓடியிருக்கு. ஸ்பிரிங் போயிருக்கும், இல்ல அட்ஜஸ்டர் துரு பிடிச்சிருக்கும். டிரைவர் அதை இழுத்துக்கிட்டே கோட்டயம் போய் வந்திருப்பான். போன மாசம் ஒரு வண்டி இப்படித்தான். ஓனர் இன்ஜெக்டர் மாத்தணும்னு பணத்தோட வந்தார். ஒரு ஸ்பிரிங் செட்டு போட்டு அனுப்பினேன்.

அடுத்து டயர் காத்து. காலையில டயர் ஆறியிருக்கும்போது பிடிக்கணும். ஓடி வந்த சூட்டோட பங்க்குல நின்னு பார்த்தா மீட்டர் கூடத்தான் காட்டும். சரியா இருக்குன்னு வந்துடுவீங்க. ஏர் ஃபில்டரும் அப்படித்தான், தட்டித் தட்டியே ரெண்டு வருஷம் ஓட்டுறாங்க. ஏத்தத்துல கரும்புகை தள்ளுதுன்னா அது எரியாத டீசல். உங்க காசு, அடுத்தவன் மூஞ்சியில.

தேனி_பிக்கப்
சரிண்ணே, நியூட்ரல் விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா புதுப் புகை விதிப்படி பிஎஸ்6 வண்டி வந்ததுல இருந்துதான் தொல்லை. அந்தப் புகை ஃபில்டர், புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற யூரியாத் தண்ணி எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு சின்னப் பெட்டி மாட்டித் தர்றாங்களாம். மைலேஜ் ஏறுமாமே?

உத்தமபாளையம்_பட்டறை
என் பட்டறையில அந்த வேலை நடக்காது. சட்டப்படி தப்பு, எஃப்சிங்கிற தகுதிச் சோதனையில மாட்டினா வண்டி நிக்கும். 2020 ஏப்ரல்ல இருந்து இந்த வண்டிதான், டீசலும் 10 பிபிஎம் கந்தகத்துக்கு வந்தாச்சு. தொல்லை பாதி நாமளே வரவழைக்கிறது. புகை ஃபில்டர் தன்னைத் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க வண்டி சூடா கொஞ்ச நேரம் ஓடணும். நீங்க மார்க்கெட்ல மணிக்கணக்கா ஐடில்ல விட்டு, லைட் எரிஞ்சாலும் கண்டுக்காம ஆஃப் பண்ணினா அடைக்கத்தான் செய்யும்.

புளியரை_பால்வண்டி
யூரியாத் தண்ணி பேச்சு வந்ததால நானும் ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு வழியா புனலூருக்குப் பால் வண்டி ஓட்டுதேன். விலை கம்மின்னு ரோட்டோரக் கடை ஒண்ணுல லூஸ்ல கேன்ல வாங்கி ஊத்தினேன். நாலாம் நாள் சோதனை விளக்கு. அடுத்த நாள் ஏத்தத்துல வண்டி இழுக்கவே மாட்டேங்கு, கம்ப்யூட்டர் சக்தியைக் குறைச்சுப் போட்டுட்டு. பால் அத்தனையும் இன்னொரு வண்டிக்கு மாத்தினோம். அந்தத் தண்ணியில 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தத் தண்ணி, அவ்வளவுதான் இருக்கணுமாம். வயல் யூரியாவைக் குழாய்த் தண்ணியில கரைச்சா அதுல உள்ள உப்பு போய் உள்ள படிஞ்சிரும். நூறு லிட்டர் டீசலுக்கு நாலஞ்சு லிட்டர்தான் செலவு. அதுல என்ன பெரிய மிச்சம் பார்க்கப் போனேனோ.

பிறகு, டீசலை இந்தப் பக்கமே ரொப்பிட்டுப் போங்க. 2023 ஏப்ரல்ல இருந்து கேரளாவுல லிட்டருக்கு 2 ரூபா செஸ் போட்டாச்சு. உங்களுக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எங்க ஆட்கள்ல பாதிப்பேரு திரும்பி வரும்போது அங்க ஐநூறுக்கு, ஆயிரத்துக்குன்னு போட்டுக்கிட்டுதான் வாராங்க.

வாளையார்_பத்துசக்கரம்
பேச்சோட பேச்சா ஒண்ணுங்க. புகை, டீசல்னு நாமளே நம்ம தலையில போட்டுக்கறோம். ஜிஎஸ்டிக்கு முந்தி வாளையார் செக்போஸ்ட்ல ராத்திரி பூரா வரிசையில நின்னிருக்கறனுங்க, பத்தடி நகர்த்தறதுக்கு நூறு தடவை ஸ்டார்ட் பண்ணி. 2017 ஜூலையில வரிச் சோதனை போச்சு, வரிசையும் போச்சு. அதே மாதிரி பாலக்காடு–திருச்சூர் ரோட்டுல குதிரான் மேடு. 2021ல முதல் சுரங்கம் திறந்தாங்க, அடுத்த வருசம் ரெண்டாவது. ஒரு கிலோமீட்டர்கூட முழுசா வராத சுரங்கம், அதுக்கு முந்தி அந்த மேட்டுல எத்தனை மணி நேரம் வீணாகியிருக்குதுன்னு எங்களைக் கேளுங்க. எந்தக் காந்தமும் அவ்வளவு டீசல் மிச்சம் பிடிக்கலீங்க.

பொள்ளாச்சி_இளநீர்
கரண்ட் வண்டி யாரும் பேசலையே? நான் ஏஸ் இவி ஒண்ணு வச்சிருக்கறனுங்க. 21.3 யூனிட் பேட்டரி. கம்பெனி சான்றிதழ்ல 154 கிலோமீட்டர், லோடோட நமக்கு நூறுதான் கணக்கு. பொள்ளாச்சியில இருந்து கோபாலபுரம் தாண்டி சித்தூர் வரைக்கும் போய்ட்டு வர தாராளம். இறக்கத்துல காலை எடுத்தா பேட்டரிக்கே திரும்ப ஏறுது, அது ஒரு தனி சந்தோசம். ஆனா கம்பம் அண்ணனுக்கு இது ஆகாது. 4.5 டன், 260 கிலோமீட்டர், ராத்திரி வேலை. பிக்கப் ரெண்டும் உள்ளூர்ல தோட்டத்துல இருந்து மண்டிக்கு ஓடுறதுன்னா அதுல ஒண்ணை யோசிக்கலாங்க.

கணக்கு_வாத்தியார்
இளநீர் அண்ணன் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு இன்னமும் இருக்கிறது. செலவு நன்றாகக் குறையும், புகை அந்த அளவுக்குக் குறையாது. மாடியில் சோலார் இருந்தால் கதை வேறு.

கடைக்காரர் படிவத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

தேனி_பிக்கப்
சார் ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ வராதே. புகை மட்டும் எப்படி ரெண்டரை கிலோ?

கணக்கு_வாத்தியார்
நல்ல கேள்வி, பிளஸ் ஒன்னில் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். டீசலில் இருக்கும் கார்பன் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. எரியும்போது அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. மீதி எடை காற்றில் இருந்து வந்தது.

6.1 மைலேஜில் ஒரு நடைக்கு 42.6 லிட்டர், 114 கிலோ. 4.5 டன் சரக்கு. ஒரு கிலோ வாழைக்காய் கோட்டயம் போய்ச் சேர 25 கிராம். படிவத்தில் இதை எழுதுங்கள். மைலேஜ் 6.8க்கு வந்தால் 23 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? ஆனால் திரும்பும்போது 4.5 டன் ஏற்றி வந்தால், மலைக்குக் கூடுதலாக நாலு லிட்டர், மற்றதற்கு ஒன்றிரண்டு போனாலும், இரண்டு பக்கச் சரக்குக்கும் பங்கு போட்டால் கிலோவுக்கு 13 கிராம் பக்கம் வந்துவிடும்.

வண்டிப்பெரியாறு_எஸ்டேட்
வாத்தியார் போட்ட கடைசி வரியைத்தான் நான் சொல்ல வந்தேன். தாத்தா காலத்துல உசிலம்பட்டியில இருந்து தேயிலைக்கு வந்த குடும்பம் நாங்க. இந்த ரோட்டோரத்துலயே வீடு. விடியக்காலை உங்க வண்டியெல்லாம் காலியா கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஏறி வர்றதைத் தினம் பார்க்கிறேன். ரிட்டன் லோடு எங்ககிட்ட வந்து தேடாதீங்க, பெரிய மலை ஏறி முடிச்ச பிறகு ஏத்தி என்ன பிரயோஜனம். கீழேயே பிடிக்கணும். வாழக்குளத்துல அன்னாசி, பெரும்பாவூர்ல பிளைவுட், கோட்டயம் பக்கம் ரப்பர். அன்னாசிக்காரங்களுக்கு மதுரை வரைக்கும் வண்டி வேணும். மலையாளம் பேசுற டிரைவர் ஒருத்தர் இருந்தா போதும், போன்லயே முடியும். சிக்கல் என்னன்னா வாழக்குளம் சுத்தி வரணும், கிலோமீட்டர் கூடும். வாடகை அதைத் தாங்குதான்னு பார்த்துக்குங்க.

கூடலூர்_ஸ்டியரிங்
ரிட்டன் லோடு சரி. விடிய விடிய ஓட்டினவன் எப்ப தூங்குறது? அதையும் அந்தக் கணக்குல ஒரு வரி எழுதுங்க வாத்தியாரே. நல்லா தூங்கினவன் கால்தான் ஆக்சிலேட்டர்ல நிதானமா இருக்கும்.

ஓனர் அண்ணனுக்கு நேரடியாவே சொல்றேன். டிரைவருக்குப் பங்கு கொடுங்க. ஆனா எங்க பழைய ஓனர் பண்ணின மாதிரி பண்ணிடாதீங்க. 5.5க்கு மேல வந்தா மிச்ச டீசல்ல பாதி உனக்குன்னார். உசுரைக் கொடுத்து 6.2 கொண்டு வந்தோம். நாலாவது மாசம், அதான் 6.2 வருதுல்ல, இனிமே அதுக்கு மேல வந்தாத்தான் பங்குன்னுட்டார். அடுத்த மாசமே 5.6. வண்டியா மாறிச்சு?

கம்பம்_பன்னீர்
ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், திராட்சை சீசன்.

சென்சார் வாங்கல. நோட்டு போட்டேன், நாலு வண்டிக்கு நாலு. முதல் பத்து நடையிலயே தெரிஞ்சு போச்சு, மூணு வண்டி 6.3, 6.4ன்னு பக்கத்துப் பக்கத்துல. நாலாவதுதான் 5.3. டிரைவர் மேல எனக்கு இருந்த சந்தேகத்தை இங்க எழுத வெட்கமா இருக்கு. பட்டறைக்காரர் சொன்ன மாதிரி ஓட்டி நிறுத்தி, புறங்கையைக் கொண்டு போனேன். இடது பின் வீல். கிட்டப் போகவே முடியல. சரி பண்ணினதும் அந்த வண்டியும் மத்ததோட சேர்ந்துக்கிச்சு.

வண்டியில என்னென்ன கிடக்குதுன்னு இறக்கிப் பார்த்தோம். ரெண்டாவது ஸ்டெப்னி, உடைஞ்ச பலகை, பழைய தார்ப்பாய், கல்லு, ஒரு வண்டியில அம்மிகூட இருந்துச்சு, எதுக்குன்னு யாருக்கும் தெரியல. நூத்தம்பது கிலோ தேறும். லோடுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க டேஷ்போர்டுல ஹெவி, லைட்னு ஒரு சுவிட்ச் இருக்கு. வாங்கின நாள்ல இருந்து ஹெவியிலயே கிடந்திருக்கு. இப்ப காலியா வரும்போது லைட்.

மார்க்கெட்ல காத்து கிடக்கிறதுக்கு மட்டும் முழு வழி கிடைக்கல. கேபின்ல ஒரு சின்ன பேட்டரி ஃபேன், சார்ஜர், கொசுவலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வியாபாரி மூணு மணிக்கு ஆள் அனுப்ப ஒத்துக்கிட்டார், இன்னொருத்தர் சிரிச்சார்.

பங்கு: 6.1ஐ அளவா வச்சு ஒரு வருஷத்துக்கு மாத்தமாட்டேன்னு நோட்டுலயே எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன். ஸ்டியரிங் அண்ணன் சொன்ன ஓனர் ஞாபகத்துலதான். போன மாசம் நாலு வண்டியும் சராசரி 6.8. நடைக்கு நாலு லிட்டர் சொச்சம், வண்டிக்கு மாசம் 22 நடை, தொண்ணூத்தஞ்சு லிட்டர் பக்கம். அதுல பாதி டிரைவருக்குப் போச்சு. நியூட்ரல் போட்ட பையன்தான் அதிகம் வாங்கினான்!

ரிட்டன் லோடு வாரத்துக்கு ரெண்டு பிடிக்கிறோம், அன்னாசி. அதுக்கு மேல போனா பசங்க தூக்கம் கெடுது, அதனால அதோட நிறுத்திட்டேன். கடைக்காரர் படிவத்துல 23 கிராம்னு எழுதிக் கொடுத்தேன். எப்படி வந்துச்சுன்னு போன் பண்ணிக் கேட்டார். வாத்தியார் கணக்கை அப்படியே படிச்சுக் காட்டினேன்.

கூடலூர்_ஸ்டியரிங்
சந்தோசம்ணே. கார்த்திகை ஒண்ணு நெருங்குது, ஐயப்பசாமி வண்டிங்க இறங்கிடும். ஒருவழிப் பாதை போட்டு, போறவங்களையெல்லாம் கம்பம்மெட்டு வழியா ஏத்திவிடுவாங்க. அது சுத்து, ஏத்தமும் கடுசு. அந்த ரெண்டு மாசக் கணக்கை 6.1ஓட சேர்க்காதீங்க.

கம்பம்_பன்னீர்
தனிப் பக்கம் போட்டாச்சுண்ணே. போன வருஷ சீசன்ல எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சா ஒரு அளவு வைக்கலாம், ஆனா அப்ப நோட்டே இல்லையே. யாராவது கம்பம்மெட்டு வழியா லோடோட போனவங்க டேங்க் டு டேங்க் கணக்கு வச்சிருந்தா போடுங்க, பதினாலடி வண்டிதான் வேணும்.